மூன்று பிள்ளைகள், ஒரு குளிர்க்கடல், என் மீசை

சென்ற மார்ச் பள்ளி விடுமுறையில் நான் வட பசிபிக் பெருங்கடலை வென்று திரும்பினேன். படை ஒன்றும் பெரிதில்லை. மூன்று பிள்ளைகள், ஒரு மனைவி, ஒரு கேரம் பலகை. குளிர்ப் பிரதேசக் கப்பல் பயணத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கும் பெற்றோர், சித்தப்பா, மாமன்மார் எல்லாரும் படித்துப் பயன்பெற வேண்டுமே என்ற கருணையால்தான் இதை எழுதுகிறேன். வேறு எந்தப் பெருமையும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

மலாக்கா மாநிலத்துச் செலண்டாரில் இருக்கும் என் அக்காவின் பிள்ளைகள் இவர்கள். மூத்தவள் யாழினிக்குப் பதினாறு. காதில் எந்நேரமும் இயர்போன், அறைச் சுவர் முழுக்கக் கொரியப் பாடகர்கள். நடுவில் முகிலன், பன்னிரண்டு. கடைக்குட்டி தாரா, ஏழு. அத்தான் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி இரண்டு வைத்திருக்கிறார். காடு இருக்கும்வரை அவருக்கு லீவு கிடையாது. எனக்கோ சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைப் பக்கம் சாரம் கட்டும் குத்தகையில் பாதுகாப்பு மேற்பார்வை வேலை. போன ஆண்டு செய்த ஓவர்டைமெல்லாம் பணமாக வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு யாழினிக்கு அரசுத் தேர்வு. அதற்கப்புறம் எந்த ஊர்க் கல்லூரிக்குப் பறப்பாளோ, அதன்பிறகு மாமனோடு எங்கே வரப்போகிறாள்? இப்போதே ஒரு தடவை கூட்டிப் போய்விட வேண்டும் என்று முடிவு கட்டினேன். ஜப்பானின் யோக்கோஹாமாவில் ஏறி, ஹக்கோடாத்தே, அக்கித்தா, கொரியாவின் பூசான் என்று சுற்றிவிட்டு மீண்டும் யோக்கோஹாமாவில் இறக்கிவிடும் ஏழு இரவுக் கப்பல்.

அக்கா சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, எதிர் வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

“ஜோங்கர் தெரு ராத்திரிச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனாலே அரை மணியில ‘போர் அடிக்குது, வீட்டுக்குப் போலாம்’னு நிக்குதுங்க. ஏழு நாளு நடுக்கடல்ல வச்சி என்னடா பண்ணுவ?”

“வேடிக்கை காட்டுவேன்கா.”

“அதுங்களுக்கு வேடிக்கை கையிலயே இருக்கு, போனுக்குள்ள. இந்தா கேட்டுக்க. கப்பல்ல ஒரு வாய் ‘போர் அடிக்குது’ன்னு சொன்னாலும் ஒம் மீசையச் செரைச்சிரணும். சம்மதமா?”

“ஒரு வாய்கூடச் சொல்லாது. நான் ஜெயிச்சா, இனிமே பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போனாலும் ‘ஏன், எதுக்கு’ன்னு கேக்கக்கூடாது.”

அத்தான் சாட்சி. என் மீசையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபத்திரண்டு ஆண்டு காலம் வளர்த்து, ஆலையில் முகக்கவசத்துக்குள் அடங்கும் அளவுக்குச் செதுக்கி, மலாக்கா மாநிலம் முழுவதும் தூரத்திலிருந்தே அடையாளம் காணப்படும் மீசை அது. கத்தி எடுத்துக்கொண்டு போனாலும் போர், சும்மா உட்கார்ந்து சலித்தாலும் போர் என்று நம் ஆட்கள் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே எனக்கு ஒன்றாக வந்து சேர்ந்தன.

செலவுக் கணக்கு முதலில். ஐந்து பேருக்கும் உள்ளறையில் கப்பல் கட்டணம் 14,200 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். விமானம் ஆளுக்கு 1,750 வெள்ளி. கப்பல் ஊழியர் அன்பளிப்பு என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு எழுபது வெள்ளிக்கு மேல் தனியாகப் பிடிப்பார்கள். இது விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். கப்பலில் இணையம் வேண்டுமென்றால் ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு எண்பது வெள்ளி. நான் வாங்கவில்லை. யாழினி என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு கிலோ இளைத்தேன்.

அடுத்து, குளிருடை. செலண்டாரில் எங்களுக்குத் தெரிந்த குளிர் விரைவுப் பேருந்தின் ஏர்கோன் மட்டும்தான். பேரங்காடியில் ஒரு பனிக்காலக் கோட்டு நானூறு வெள்ளி சொன்னான். ஐந்து கோட்டுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கலாம். எனவே மலேசியத் தமிழன் செய்வதைச் செய்தேன், நாங்கள் குடியிருக்கும் பாச்சாங்கில் ஹமீது பாயின் பண்டல் கடைக்குப் போனேன். வெளிநாட்டில் கழித்துப் போட்ட துணிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி வந்து நம்மூரில் கிலோக் கணக்கில் விலைபோகும் கடை. மூட்டைக்குள் முங்கி எழுந்தேன். கையில் தடித்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டு. பஞ்சு திணித்தது, உள்ளே கம்பளி. ஒன்றல்ல, ஒரே மாதிரி எட்டு கிடந்தன. முதுகில் ஒரு முழ அகலத்துக்கு ஏதோ எழுத்து.

“பாய், இது என்னா எழுத்து?”

“ஜப்பான்காரன் எழுத்துண்ணே.”

“என்னா போட்டிருக்கான்?”

பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆராய்ந்தார். “‘வெற்றி’ மாதிரி ஏதோலா. எவ்ளோ தடிப்பா எழுதியிருக்கான் பாருங்க. கெட்ட விசயத்த எவனாச்சும் இவ்ளோ தடிப்பா எழுதுவானாண்ணே?”

இந்த வாதத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தென்படவில்லை. ஒன்று பதினைந்து வெள்ளி. ஐந்தை அள்ளிக்கொண்டு வந்தேன். என் மனைவி செல்வி பாச்சாங்கிலேயே தையல் கடை நடத்துகிறார். தாராவுக்கு ஒன்றை வெட்டிச் சுருக்கினார், முதுகு எழுத்துக்குச் சேதமில்லாமல்.

செலண்டாரில் ஜாக்கெட்டுகளைப் பங்கு வைத்தபோது யாழினி தன்னுடையதைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, நீங்கள் நம்ப மாட்டீர்கள், காதிலிருந்து ஒரு இயர்போனைக் கழற்றினாள்.

“இதுல என்னா எழுதியிருக்கு மாமா?”

“‘வெற்றி’. ஜப்பானிய வீரர்கள் போடுறது.”

“ஓ.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அப்ப நம்ம அஞ்சு பேரும் டெய்லி இதத்தான் போடணும். கப்பல்லயும். வெளியிலயும். பிராமிஸ் பண்ணுங்க மாமா.”

என் கண் கலங்கிவிட்டது. பதினாறு வயதுப் பெண் மாமன் வாங்கிக் கொடுத்த உடையைத் தினமும் போடுவேன் என்கிறாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

பாச்சாங்கிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் ஒன்றரை மணி நேரம். விமானம் ஏழு மணி நேரம். ஜப்பானில் இறங்கி யோக்கோஹாமாவுக்குப் பேருந்தில் முக்கால் மணி. ஓரிரவு துறைமுகத்துக்குப் பக்கத்தில் தங்கி மறுநாள் ஏறுங்கள், கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. கப்பலேறும் நேரம் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று. ஏணிப்பாலத்தில் நின்றபோது ஏழு டிகிரி. என் மூக்கு என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் லீவில் போய்விட்டது. பாதுகாப்பு மேற்பார்வையாளன் என்ற முறையில் படையை வரிசையில் நிறுத்தி உரையாற்றினேன்: கைப்பிடியை விடாதே, ஈரத்தளத்தில் ஓடாதே, அந்த ஒரு சொல்லை உச்சரிக்காதே.

இனிதான் முக்கியம். பெற்றோரே, இரண்டாம் நாள் முழுக்கக் கடல். கரை கிடையாது. வெளியே நாலு டிகிரி, காற்று ஆளைத் தள்ளுகிறது. எல்லாத் தற்காப்பும் இந்த ஒரு நாளில்தான் சோதிக்கப்படும்.

கப்பலில் பிள்ளைகளுக்கு மன்றங்கள் உண்டு என்று விளம்பரம் சொல்லும். உண்மைதான். ஆனால் பதின்ம வயதினர் மன்றம் பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை. முகிலனுக்குப் பதின்மூன்றாக இன்னும் சில மாதம் பாக்கி. அவனைச் சின்னப் பிள்ளைகள் அறைக்கு அனுப்பி முகத்தில் பூனை மீசை வரைந்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான்.

“மாமா, எனக்கு போ...”

நான் ஒரு முழு டோனட்டை அவன் வாயில் வைத்து அடைத்தேன். சொல் உள்ளேயே நின்றது. மென்று முடிப்பதற்குள் கேரம் பலகையை விரித்தேன்.

கப்பலில் கேரம் ஆடியவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நாங்கள் ஆடினோம். பசிபிக் பெருங்கடலும் ஆடியது. அடித்த ஸ்ட்ரைக்கர் போய், அலை சாய்த்த பக்கம் திரும்பி வந்து, வழியில் எதிராளியின் காயைக் குழிக்குள் தள்ளியது. சிவப்புக் காய் தானாகவே நான்கு மூலையையும் வலம் வந்தது. கடைசியில் ஒரு பெரிய அலைக்குப் பத்தொன்பது காய்களும் ஒரே குழியில் விழுந்தன. முகிலன் தரையில் உருண்டு சிரித்தான். வேடிக்கை பார்க்க வந்த ஆஸ்திரேலியக் குடும்பம் ஒன்று தன் இரண்டு மகன்களையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

மதியத்துக்கு மேல் திறந்த தளத்தில் வெந்நீர்த் தொட்டி. குளிர்க்கடல் பயணத்தில் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சொர்க்கம் கிடையாது. கதவைத் திறந்து தொட்டிவரை இருபது அடி ஓட வேண்டும், அவ்வளவுதான். நான் கைலியோடு ஓடினேன். காற்று கைலிக்குள் புகுந்து, என்னைக் கொஞ்ச நேரம் பாய்மரமாக வைத்துக் கப்பலை இழுத்தது. அந்த நேரத்தில் வேகம் கூடியதாகத் தாரா இன்றுவரை சாட்சி சொல்கிறாள்.

அன்று மாலைதான் அந்த மரியாதை ஆரம்பித்தது. சாப்பாட்டுக் கூடத்தில் வெற்றி ஜாக்கெட்டோடு வரிசையில் நின்றோம். பின்னால் கொரியாவின் சியோலிலிருந்து வந்த முதியவர் குழு. கட்டம் போட்ட தொப்பி அணிந்த தாத்தா ஒருவர் என் தோளைத் தட்டினார். என் முதுகைக் காட்டி, “ஒரும்?” என்றார். பின்னால் நின்றவர்களெல்லாம் கலகலவென்று சிரித்தார்கள். நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“யாழினி, ‘ஒரும்’னா என்னாம்மா?”

யாழினி கண்ணிமைக்காமல் சொன்னாள். “வணக்கம், மாமா. கொரியன் வணக்கம். ரெண்டு கையையும் தூக்கிச் சொன்னா இன்னும் மரியாதை.”

இரண்டு கையையும் தூக்கி “ஒரும்!” என்று முழங்கினேன். கூடமே அதிர்ந்தது. தொப்பித் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கண்ணாடிக் கோப்பையை என்னிடம் நீட்டினார், ஐஸ் இயந்திரத்தைக் காட்டினார். வணங்கியவனுக்குக் கோப்பை நீட்டுவது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. நிறைய ஐஸ் பிடித்துக் கொடுத்தேன். அடுத்தவரும் நீட்டினார். மறுநாளிலிருந்து நான் எந்தத் தளத்துக்குப் போனாலும் “ஒரும்! ஒரும்!” என்ற வாழ்த்தொலிதான். கப்பல் தலைவர் நடந்து போனால்கூட இத்தனை பேர் திரும்பிப் பார்க்கவில்லை. யாழினி இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு என் பின்னாலேயே நடந்தாள். முகிலனும் தாராவும் அவளுக்குப் பின்னால். மாமனின் புகழில் பங்குகொள்கிறார்கள் என்று பூரித்தேன்.

மூன்றாம் நாள் ஹக்கோடாத்தே. காலை எட்டு மணிக்கு மைனஸ் மூன்று. துறைமுகத்திலிருந்து டிராம், பெரியவருக்கு ஏறக்குறைய ஏழு வெள்ளி. பூங்கா முழுக்க முந்தின நாள் பெய்த பனி. பிள்ளைகள் முதன்முதலாகப் பனியைப் பார்த்த கணத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. தாரா அதன் முன்னால் நின்று, “மாமா, யாரு இவ்ளோ ஐஸ் கச்சாங் கொட்டுனது?” என்று கேட்டாள்.

சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தின்னும் எங்கள் ஊர்ப் பண்டம் அது, இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். பாச்சாங்கில் காய்ச்சிப் போத்தலில் அடைத்த குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லப் பாகு பையில் இருந்தது. ஜப்பானியக் கடையில் ஒரு டப்பா பால் வாங்கினோம். மிதிபடாத இடத்தில் மேல்பனியை மட்டும் வழித்துக் காகிதக் குவளையில் போட்டு, கருப்புப் பாகை ஊற்றி, பால் விட்டுக் கொடுத்தேன். ஐந்து பேரும் மைனஸ் மூன்றில் நின்றுகொண்டு ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம். இரண்டு குழந்தைகளோடு வந்த உள்ளூர் அம்மா ஒருவர் தூரத்திலிருந்து எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். செல்வி ஒரு குவளையை நீட்டினார். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்த அந்த அம்மா, தன் குழந்தைகளையும் கூப்பிட்டு எங்கள் வரிசையில் நிறுத்தினார். பல் கிட்டிக்கொண்டு இரண்டு நாடுகளும் ஒன்றுபட்டன.

அக்கித்தாவில் மழை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நனைந்தோம், திரும்பினோம். ஐந்தாம் நாள் மறுபடி முழுக்கக் கடல், அலை பெரிது. முகிலன் படுத்துவிட்டான். (இஞ்சி மிட்டாய் கொண்டுபோங்கள். பச்சை ஆப்பிள் கேட்டால் கப்பலிலேயே கொடுப்பார்கள். நடுத்தளத்தில் ஆட்டம் குறைவு.) தொப்பித் தாத்தா குழுவும் அறைகளுக்குள் முடங்கிவிட்டதால் “ஒரும்” சொல்ல ஆளில்லை. யாழினி பொதுக்கூடத்தின் சாளரத்தோரம் சுருண்டு உட்கார்ந்து சாம்பல் நிறக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தொங்கியிருந்தது.

“மாமா,” என்றாள். “எனக்கு ஒரு மாதிரி போ...”

கையில் டோனட் இல்லை. மீசை இரண்டு பக்கமும் தானாக விறைத்தது.

“போ...?”

“போர்வை வேணும் மாமா. குளுருது.”

ஒன்றல்ல, நான்கு போர்வை கொண்டுவந்து போர்த்தினேன். செல்வியின் சால்வையையும் சேர்த்து. கேட்டிருந்தால் சாப்பாட்டுக் கூடத்துத் திரைச்சீலையையும் கழற்றி வந்திருப்பேன்.

ஆறாம் நாள் பூசான். காலை எட்டுக்கு இறங்கினோம், மாலை நாலரைக்குள் திரும்ப வேண்டும். துறைமுகத்திலிருந்து டாக்சியில் கால் மணி நேரத்தில் பெரிய மீன் சந்தை. ஐந்து பேரும் ஜாக்கெட்டில். சத்தியம் சத்தியம்தானே. சந்தைக்குள் பத்தடி வைத்திருப்போம், பின்னாலிருந்து ஓர் அம்மா கத்தினார். ரப்பர் ஏப்ரன், ரப்பர் பூட்ஸ், தொண்டை மட்டும் ஒலிபெருக்கி. பத்து வார்த்தைக்கு ஒரு “ஒரும்” தெளிவாக விழுந்தது. இங்கேயுமா என்று நான் நெகிழ்ந்து, திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, சந்தையே கேட்கும்படி “ஒரும்!” என்றேன்.

அந்த அம்மா என் கையில் ஒரு காலிப் பெட்டியைத் திணித்தார். தன் மீன்களைக் காட்டினார். கடிகாரத்தைக் காட்டினார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டினார். பக்கத்துக் கடைக்காரர்களும் பெட்டிகளோடு வந்து நின்றார்கள். திட்டுவது எந்த மொழியில் இருந்தாலும் நமக்குப் புரியும், நான் ஆலையில் வேலை பார்ப்பவன்.

“யாழினி! இந்தம்மா எதுக்குக் கோவப்படுது?”

யாழினி ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினாள். முகிலன் தரையில். தாராதான் சொன்னாள், குழந்தை அல்லவா, ரகசியம் காக்கத் தெரியாது.

“மாமா, ‘ஒரும்’னா ஐஸ்! நம்ம சட்டையில ‘ஐஸ் டெலிவரி, வழி விடுங்க’ன்னு எழுதியிருக்கு! இந்தப் பாட்டி ஐஸ் ஏன் லேட்டுன்னு கேக்குது!”

நான் பெட்டியோடு நின்றேன். ஏழு கடலும் ஒரு தடவை சுற்றி நின்றது. நாலு நாளாகக் கப்பல் முழுக்க எனக்குக் கிடைத்த வாழ்த்தொலியை மனத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். “ஐஸ்?” “ஐஸ்!” “ஐஸ்! ஐஸ்!” இரண்டு கையையும் தூக்கி, ஐஸ்.

“ஏன் புள்ள, ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“செலண்டார்லயே தெரியும் மாமா. மூணு வருசமா கொரியன் டிராமா பாக்குறேன், இது படிக்கத் தெரியாதா?”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீங்க போட்டிருக்க மாட்டீங்களே. அப்புறம் ஏழு நாளு கப்பல்ல நாங்க என்னத்த மாமா பாக்குறது?”

செல்வியைப் பார்த்தேன். அவர் மீன்களை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் ஆடியது. அவருக்கும் தெரியும்.

அதே நேரம் நிஜமான ஐஸ்காரர் மூன்று சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். நீல நிற ஜாக்கெட்டு. எங்கள் ஐந்து முதுகையும் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி வாயைப் பிளந்தார். யாழினி முன்னால் போனாள். வீட்டில் “ம்”, “ம்ஹூம்” தவிர ஒரு சொல் பேசாத பெண், குனிந்து வணங்கி, கைகால் ஆட்டி, டிராமாவில் கற்ற கொரிய மொழியில் பண்டல் கடை, பாச்சாங், பாய், ‘வெற்றி’ எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஆரஞ்சு அவர்களுடைய பழைய சீருடையாம். மாற்றிச் சில வருடமாகிறதாம். பழையதை வாங்கிப் போன ஆள் எங்கே கொண்டுபோனான் என்று இன்றுதான் தெரிகிறதாம். சந்தையே எங்களைச் சுற்றிக் கூடிவிட்டது. திட்டிய அம்மா சிரித்துச் சிரித்து ஒரு கணவாய் மீனை என் முதுகில் அடித்தார். மரியாதைதான்.

பிறகு நடந்ததை எந்தக் கப்பல் கம்பெனியும் எத்தனை வெள்ளிக்கும் விற்க முடியாது. ஐஸ்காரர் முகிலனிடம் மண்வாரியைக் கொடுத்தார். பூனை மீசை வரையப்பட்ட அவமானத்தையெல்லாம் சேர்த்து அள்ளினான். தாரா வண்டி மேல் உட்கார்ந்து “ஒரும்! ஒரும்!” என்று கூவினாள், கூட்டம் வழி விட்டது. யாழினி கடை கடையாக ஆர்டர் எடுத்தாள். நானும் செல்வியும் பெட்டி தூக்கினோம். இரண்டு மணி நேரம். கடைசியில் அந்த அம்மா எங்களை உட்காரவைத்துச் சுட்ட மீன் கொடுத்தார், காசை வாங்க மறுத்துவிட்டார். கூலியாம்.

ஏழாம் நாள், கடைசிக் கடல் நாள். தொப்பித் தாத்தா பிள்ளைகளுக்குப் பூப்போட்ட சின்னச் சீட்டுகளில் ஓர் ஆட்டம் கற்றுக்கொடுத்தார். தாரா பதிலுக்கு அவர் குழுவின் பாட்டிகளுக்கு அஞ்சாங்கல் சொல்லிக்கொடுத்தாள். ஆஸ்திரேலியப் பையன்களும் வந்து சேர்ந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனேன்.

“மாமா, ஆளு முழுசா ஆயிருச்சி,” என்றாள் யாழினி, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்சம் தள்ளி ஒக்காருங்களேன்.”

தள்ளி உட்கார்ந்தேன். வெந்நீர்த் தொட்டி சுத்தம் செய்ய மூடியிருந்தது. கேரம் ஆடத் துணையில்லை. “ஒரும்” என்று இரண்டு பேரிடம் நானே வலியப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அவர்களும் சீட்டாட்டம் பார்க்கும் அவசரத்தில் இருந்தார்கள். செல்வி தாராவின் கிழிந்த கைப்பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் விழுந்தேன்.

“என்னா செல்வி, இன்னிக்கு ஒரே போர் அடிக்குது.”

ஊசி பாதியில் நின்றது. செல்வி என் கண்ணைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, மூக்குக்கும் கீழே பார்த்தார்.

செலண்டாரில் இறங்கியதும் அக்கா, “மொதல்ல பசியாறுங்க,” என்று தோசையை வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தனித்தனியாக விசாரித்தார். போர் அடிச்சிச்சா? இல்லை. இல்லை. இல்லவே இல்லை. நான் மீசையை முறுக்கி, வெற்றி உரையின் முதல் பத்தியை ஆரம்பித்தேன்.

“அண்ணி,” என்றார் செல்வி, சட்னி ஊற்றிக்கொண்டே. “நீங்க பந்தயம் கட்டுனது ஒரு வாய்க்கா, பிள்ளைங்க வாய்க்கா?”

“ஒரு வாய்னுதான் சொன்னேன்.”

“அப்ப இன்னும் ஒரு வாயக் கேக்கலியே.”

மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அத்தான் சாட்சி என்ற முறையில் கார்ச் சாவியை எடுத்தார்.

பாச்சாங் முடிதிருத்தும் கடைக்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “எப்பண்ணே தவறுனாரு அப்பா?” அப்பா நன்றாக இருக்கிறார், இது பந்தயம் என்று விளக்கினேன். யாழினி முழுவதையும் படம் பிடித்தாள். திங்கட்கிழமை சுங்கை ஊடாங்கில் வேலைக்குப் போனால், வாசல் காவலரிலிருந்து கிரேன் ஓட்டுநர்வரை கையைப் பிடித்து அனுதாபம் சொல்கிறார்கள். ஒருவர் உறையில் பணமும் வைத்துக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க அரை நாள் ஆனது.

ஆனால் வாசகர்களே, நன்றாகக் கவனியுங்கள். கப்பலில் இருந்த மூன்று பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடப் போர் அடிக்கவில்லை. அடித்தது எனக்கு. பிள்ளைகளை மாமனே தேவைப்படாத அளவுக்கு மகிழ்வித்த மாமன் உலக வரலாற்றில் யார் இருக்கிறான்? இதைத் தோல்வி என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். வீடு திரும்பிய மறுவாரமே யாழினி தானாகப் போன் செய்தாள். “டிசம்பர்ல எங்க மாமா?” அக்கா பக்கத்தில்தான் இருந்தார். ஏன், எதற்கு என்று ஒரு சத்தமும் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். பெற்றோர் இல்லாமல் பிள்ளைகளை அழைத்துப் போனால் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும், எங்களிடம் இரண்டு இடத்தில் கேட்டார்கள். எந்தெந்தத் துறைமுகத்தில் இறங்க முன்கூட்டியே இணைய அனுமதி தேவை என்று பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள். பிள்ளைகள் மன்றத்தின் வயது வரம்பைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், பன்னிரண்டு வயதுதான் சிக்கல். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி, ஒன்று எப்படியும் நனையும். நீச்சலுடையை மறக்காதீர்கள், குளிர்க்கப்பல் என்பதற்காக. இணையம் வாங்க வேண்டாம், முதல் நாள் முறைப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டுக்குப் பண்டல் கடையைத் தாராளமாக நம்பலாம், சூட்டில் ஒரு குறையும் இல்லை. பாயை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

பந்தயம் கட்டாமல் உங்களால் இருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். கட்டுங்கள். திரும்ப முளைக்கிற பொருளாகப் பார்த்துக் கட்டுங்கள்.